முட்டி ஜவ்வுக்கு நார் எங்கிருந்து? நாலு வருடம் கழித்து எழுதுகிறேன்

செங்கோட்டையில் டைல்ஸ் ஒட்டுவது என் தொழில். பாதி நாள் வேலை மலைக்கு அந்தப் பக்கம், தென்மலை, புனலூர் என்று இருக்கும். நாலு வருடத்துக்கு முன் ஆரியங்காவில் ஒரு வீட்டு மாடிப்படியில் கால் ஊன்றியபடியே இருக்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். முதலில் போன இடத்தில் ஸ்கேன்கூட எடுக்காமல் ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். பிரித்தபோது தொடை சூம்பிப்போயிருந்தது. படி இறங்கினால் முட்டி நழுவியது. அப்புறம் எம்ஆர்ஐ எடுத்ததில் ஏசிஎல் என்கிற உள் ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது.

அறுந்த ஜவ்வைத் தைத்தால் பெரும்பாலும் சேராது. வேறு இடத்துத் தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோர்க்க வேண்டும். "முட்டி போட்டுத்தானே வேலை?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றதும், முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள நாரை எடுக்கும் யோசனையையே விட்டுவிட்டார். எனக்குப் பின்தொடை நார், அதாவது ஹேம்ஸ்ட்ரிங். இரண்டு நார்களை உருவி மடித்து நாலு இழையாக்கினார்கள். எட்டு மில்லிமீட்டராவது தடிமன் வந்தால் நல்லது என்பார்கள். எனக்கு எட்டரை வந்தது.

முட்டியில் வைத்த நாரை விட, எடுத்த இடம்தான் படுத்தியது. முதல் வாரம் கெண்டைக்கால் வரை ஊதா நிறத்தில் கன்றிப்போனது. நாலாவது வாரம் குனிந்து செருப்பு மாட்டும்போது பின்தொடையில் சுளீர் என்று பிடித்துக்கொண்டது. குப்புறப் படுத்துக் குதிகாலை மடக்கினால் கடைசி நாலு விரற்கடைக்கு இன்றைக்கும் பலம் இல்லை. முட்டிக்குக் கீழே உள்ளங்கை அளவு மரத்துப்போன இடம் ஒன்றுண்டு; கொசு கடித்தாலும் தெரியாது, அது ஒரு லாபம்தான்! ஆனால் எட்டாவது மாதத்திலிருந்து முட்டி போட்டு வேலை செய்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஆரியங்காவில் எனக்கு ஒரு வாலிபால் நண்பன், மலையாளி. அவனுக்குச் சில்லுக்குக் கீழ் நார்தான், இரண்டு முனையிலும் எலும்புத் துண்டோடு. எலும்போடு எலும்பு ஒட்டுவதால் பிடிப்பு சீக்கிரம் வரும். குதித்து ஆடுகிறவர்களுக்கு அதைத்தான் அதிகம் சொல்வார்கள். பத்தாவது மாதம் ஸ்மாஷ் அடிக்க இறங்கிவிட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் முட்டி போடும்போது இவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். "முட்டு குத்தான் பற்றுன்னில்லடா" (முட்டி போட முடியலடா) என்கிறான், மூன்று வருடமாக.

என் மச்சினனுக்கு பைக் விபத்தில் இரண்டு மூன்று ஜவ்வு சேர்ந்து போனது. ஒரே தொடையில் அத்தனை நார் எடுக்க முடியாதென்று கணுக்காலுக்குப் பக்கத்திலிருந்து பெரோனியஸ் லாங்கஸ் என்கிற நாரை எடுத்தார்கள். முட்டியைப் பற்றி அவன் புலம்புவதே இல்லை. கரடுமுரடான தோட்டப் பாதையில் நடந்தால் மட்டும் கணுக்கால் அசந்துபோகிறது என்பான்.

இறந்தவர் தானமாகத் தந்த நார் கிடைக்குமா என்றும் கேட்டேன். இளவயதில் சுறுசுறுப்பாக இருப்பவர்களுக்கு அது மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எந்த நாராக இருந்தாலும் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். மூன்றாவது மாதம் வலியே இல்லை. சரி, ஆறிவிட்டது என்று ஒரு பெட்டி டைல்ஸைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். மறுநாள் முட்டி வீங்கியது. பிசியோ அம்மா விட்டாங்களே ஒரு டோஸ்! புதிதாக வைத்த நாருக்கு ரத்த ஓட்டம் இனிமேல்தான் வர வேண்டும். முதல் சில மாதங்களில் அது வைத்த நாளை விடவும் மெலிவாகத்தான் இருக்குமாம். வலி அடங்குவதும் சரியாக அப்போதுதான். ஒன்பது மாதம் வரை ஆட்டம் வேண்டாம் என்பது அதனால்தான்.

குற்றாலச் சாரல் விழுந்தால் முட்டி கடுக்கும் என்று ஊரே பயமுறுத்தியது. நாலு சீசன் பார்த்துவிட்டேன், கடுக்கவில்லை. கீழ்க்கால் எலும்பில் நாரைப் பிடித்துவைக்கப் போட்ட திருகு இருக்கும் இடம் மட்டும் வெறுந்தரையில் பட்டால் உறுத்தும். அதற்கு வலது கால் முட்டிப் பட்டையில் பழைய யோகா பாயை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.