பழனிக்கு நடக்கிற காலுக்குத் தைலமா, ஜெல்லா?

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையில் கால்வலி மருந்து இல்லாத பையைப் பார்ப்பது அரிது. வீட்டில் காய்ச்சிய தைலம் சிலரிடம், மருந்துக்கடை ஜெல் சிலரிடம். எதில் மருந்து அதிகம் என்றுதான் பேச்சு ஓடும். அந்த மருந்து எதில் கரைந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தோலின் வெளியடுக்கு, உள்ளங்கை உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில், சுமார் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர் கனம்தான். செத்த செல்கள் செங்கல் என்றால், நடுவிலுள்ள கொழுப்பு சுண்ணாம்புக் காரை. மருந்து பெரும்பாலும் காரை வழியாகத்தான் இறங்கும். மூலக்கூறு எடை 500க்குள் இருந்தால் வழி கிடைக்கும். ஜெல்லில் வரும் வலிமருந்து டைக்ளோஃபெனாக் சுமார் 296, தைலத்தில் சேரும் மெத்தில் சாலிசிலேட் 152. இரண்டுமே தேறிவிடும்.

முதலில் தைலம். கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் நல்லெண்ணெயில் சுகமாகக் கரையும். சிக்கலே அதுதான்: கரைப்பானில் சுகமாக இருக்கும் மருந்து தோலுக்குள் போக அவசரப்படாது. கரைசல் இனிமேல் தாங்காது என்ற அளவுக்கு நிறைந்திருந்தால்தான் மருந்து வெளியே தள்ளப்படும். 1960 வாக்கில் மருந்தியல் அறிஞர் டகேரு ஹிகுச்சி இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். நல்லெண்ணெயில் ஒலியிக் அமிலம் இருக்கிறதே, அது தோலைத் திறக்குமே என்பார்கள். தனியாக இருக்கும் ஒலியிக் அமிலம் காரையை இளக்கும், உண்மை. ஆனால் எண்ணெயில் அது பெரும்பாலும் கிளிசராலோடு கட்டுண்டு கிடக்கிறது. அதனால் தைலம் எலும்பு வரை இறங்கும் என்பதை நான் ஏற்கவில்லை. நீவிவிடும் கையின் சுகத்துக்கும், தோல் வறளாமல் இருப்பதற்கும் அதை மிஞ்ச ஆள் இல்லை.

ஜெல்லில் ஆல்கஹால் இருக்கும். பூசியதும் அது பறந்துவிட, மிஞ்சும் மருந்து செறிவாகித் தோலுக்குள் தள்ளப்படுகிறது. போகிற போக்கில் ஆல்கஹால் கொழுப்பையும் கொஞ்சம் கரைக்கும். முழுவதும் பறந்துவிட்டால் மருந்து படிகமாகித் தோல்மேலேயே உட்கார்ந்துவிடலாம். சீக்கிரம் ஆவியாகாத புரொப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் அங்கேதான் கைகொடுக்கிறது. பல ஜெல்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். சிலருக்குக் கிளைக்கால் அரிக்கும். முடி வளர்ச்சிக்கு மினாக்ஸிடில் கரைசல் போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இன்னொன்று, மெந்தால் சில்லென்று இருப்பது குளிரை உணரும் நரம்பைத் தூண்டுவதால். மருந்து உள்ளே போனதற்கு அது சாட்சி ஆகாது.

டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பான் வேகத்தில் எல்லாவற்றையும் முந்தும். அமெரிக்காவில் மூட்டுவலிக்கான டைக்ளோஃபெனாக் கரைசல் ஒன்றில் அது 45.5 சதவீதம் இருக்கிறது. தோலில் பட்டால் சிறிது நேரத்தில் வாயில் பூண்டு வாடை வரும், அவ்வளவு ஊடுருவல். அதுவே ஆபத்தும்: தோல்மேல் இருக்கும் அழுக்கு ரசாயனத்தையும் கூட்டிக்கொண்டு போகும். மின்வேதியியலில் இது பழகிய கரைப்பான், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடியில் பலருக்குப் பெயர் தெரிந்திருக்கும். ஆய்வுக்கூடத்துப் புட்டியை எடுத்துக் காலில் பூசவே கூடாது.

வாசலின் களிம்பு? பித்தவெடிப்புக்கு நல்லது, வலிக்கு வேண்டாம்.

என் தேர்வு: நடக்கும்போது கெண்டைக்காலுக்கு ஜெல், ராத்திரி தங்குமிடத்தில் நீவிவிடத் தைலம். எண்ணெய்க் காலில் அப்படியே ஜெல் போட்டால் மருந்தில் ஒரு பங்கு எண்ணெயிலேயே தங்கிவிடும், துடைத்துவிட்டுப் பூசுங்கள். கொப்புளம் உடைந்த இடத்தில் எதுவும் வேண்டாம், அங்கே தடுப்புச்சுவரே இல்லை. மருந்து பூசிய இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ இறுக்கமான கட்டோ வேண்டாம், உறிஞ்சும் அளவு கூடிவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் சாலிசிலேட் தைலத்தை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கைக்குழந்தைக்குக் கற்பூரத் தைலம் எந்தக் கரைப்பானிலும் வேண்டாம்.