டேட்டாஷீட்டா, டிசைன் மென்பொருளா?

எல்எம்2596 ரெகுலேட்டரை (மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் சிப்) வைத்து 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கிறோம், 3 ஆம்பியர் தேவை என்று வைத்துக்கொள்வோம். சிப் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டைப் பார்த்து 33 மைக்ரோஹென்றி இண்டக்டரைத் (கம்பிச்சுருள்) தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பாகங்களின் மதிப்பைக் கணக்கிட்டுத் தரும் டிசைன் மென்பொருள் 22 என்கிறது. எதை நம்புவது?

முதலில் கையால் கணக்குப் போடுங்கள். இந்தச் சிப் ஸ்விட்ச் ஆகும் வேகமான 150 கிலோஹெர்ட்ஸில் 33 போட்டால் ரிப்பிள் மின்னோட்டம் (இண்டக்டரில் மின்னோட்டம் ஏறி இறங்கும் அளவு) சுமார் 0.59 ஆம்பியர், 22 போட்டால் 0.88. முழு லோடில் இது முறையே 20, 29 சதவீதம். வழக்கமாக 20 முதல் 40 சதவீதம் வரை ஏற்கலாம் என்பதால், இங்கே உண்மையில் முரண்பாடே இல்லை. ஒன்று ரிப்பிளைக் குறைக்கிறது, இன்னொன்று இண்டக்டரைச் சிறிதாக்குகிறது, அவ்வளவுதான்.

கெபாசிட்டர் விஷயம் அப்படியில்லை. இந்த ரெகுலேட்டரில் அவுட்புட் கெபாசிட்டரின் ஈஎஸ்ஆர் (அதன் உள் மின்தடை) மிகவும் குறைந்தால், அவுட்புட்டைச் சீராக வைத்திருக்கும் கட்டுப்பாட்டு லூப் நிலைகுலையலாம். டேட்டாஷீட் இதை எச்சரிக்கிறது. இங்கே நான் யோசிக்காமல் அதன் பக்கம்தான். அதிகபட்ச மின்னழுத்தம், வெப்ப வரம்பு ஆகியவற்றுக்கும் அதுவே கடைசி வார்த்தை.

மென்பொருளின் பலம் வேறு. இன்புட் 12-லிருந்து 24 வோல்ட் ஆனால் என்ன ஆகும், எவ்வளவு சூடாகும் என்பதையெல்லாம் நொடியில் காட்டிவிடும். டேட்டாஷீட் வரைபடங்களில் அதைத் தேடினால் ஒரு மாலைப்பொழுதே போய்விடும். அப்புறம், மென்பொருள் தரும் எண்ணை ஏற்குமுன் அதில் நீங்கள் கொடுத்த சுற்றுப்புற வெப்பநிலையை ஒருமுறை பாருங்கள். பெட்டிக்குள் 50 டிகிரி இருக்கும்போது 25 என்று விட்டிருந்தால் விடை தப்பாகத்தான் வரும்.