திறப்புக் கடையில் பறிபோன 38,000 ரூபா: மட்டக்களப்பு, அம்பாறை வாகனக்காரர்கள் கவனத்திற்கு

மட்டக்களப்பு நகரில் காருக்குத் திறப்பு வெட்டி, சிப் பதிந்து கொடுக்கும் கடையொன்றில் எங்கள் குடும்பம் 38,000 ரூபாவை இழந்திருக்கிறது. காரின் திருட்டுத் தடுப்பையே எங்களுக்குத் தெரியாமல் பயனற்றதாக்கிவிட்டு, அந்த வேலைக்குத்தான் இந்த 38,000 ரூபாவை வாங்கியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது இதை எழுதும் இந்த நேரத்திலும் கை நடுங்குகிறது.

எங்களுடையது இந்தியத் தயாரிப்பான சிறிய கார். களுவாஞ்சிக்குடியிலிருந்து அப்பாவைச் சிறுநீரகச் சிகிச்சைக்காக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வதற்கே அது பெரும்பாலும் ஓடுகிறது. திறப்பின் பிளாஸ்டிக் கூடு வெடித்திருந்ததால், சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில் அந்தக் கடையில் புதுக் கூடு மாற்றினோம். மாற்றிய உடனேயே கார் ஸ்டார்ட் ஆக மறுத்தது. மீற்றர் பலகையில் திறப்புப் படமிட்ட விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

அந்த விளக்கு அப்படி எரிந்தால், திறப்பைக் கார் அடையாளம் காணவில்லை என்று பொருள். திறப்பின் தலைப்பகுதிக்குள் ஒரு மிகச் சிறிய சிப் இருக்கிறது. அதற்குப் பற்றரி தேவையில்லை; திறப்புத் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையக் கம்பிச்சுருளிலிருந்தே சக்தியைப் பெற்றுத் தன் இலக்கத்தைச் சொல்லும். அந்த இலக்கம் காரின் நினைவகத்தில் இருப்பதோடு பொருந்தாவிட்டால் எஞ்சின் இயங்காது. கூடு மாற்றியவர்கள் இந்தச் சிப்பைப் பழைய கூட்டுக்குள்ளேயே விட்டு, கூட்டோடு சேர்த்து எறிந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த பிழை அதுதான். ஆனால் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை வேறு.

கடையிலிருந்த இளைஞர் மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து ஸ்டியரிங்கிற்குக் கீழே வயரைச் செருகி, திரையில் ஓடிய இலக்கங்களைக் காட்டி, "காரிட மெமரி அழிஞ்சு போச்சு அக்கா. வீட்டில இருக்கிற மற்றத் திறப்பையும் கொண்டு வாங்க, ரெண்டையும் புதுசாப் பதிஞ்சு தாறன், ஆறு மாதம் கேரண்டி" என்றார். களைத்துப்போயிருந்த அப்பாவை மின்விசிறிக்குக் கீழே இருத்தி, முதுகுக்கு ஒரு குஷனும் வைத்து, எங்களுக்கெல்லாம் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தார். தன் தகப்பனைப் போல அப்பாவைக் கவனித்த ஒருவர் பொய் சொல்லுவார் என்று யார்தான் நினைப்பார்கள்? தம்பி இரண்டாவது திறப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். அவர்கள் சொன்ன வங்கிக் கணக்கிற்கு 38,000 ரூபாவை அனுப்பினேன். மாலையில் இரண்டு திறப்புகளாலும் கார் ஸ்டார்ட் ஆனது.

சில வாரங்களின் பின்னர், வைத்தியசாலை வாசலில், சிகிச்சை முடித்து நிற்கக்கூட முடியாத அப்பாவை ஏற்றிய பிறகு, இரண்டு திறப்புகளுமே வேலை செய்யவில்லை. கல்முனையிலிருந்து வந்த வாகன மின்வேலைக்காரர் ஸ்டியரிங்கிற்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே வளையத்திற்குப் பக்கத்தில் கறுப்பு டேப்பினால் ஒட்டப்பட்டிருந்த ஒரு சிப், வெயில் சூட்டில் பசை இளகித் தொங்கிக்கொண்டிருந்தது. அது எங்களுடைய இரண்டாவது திறப்பின் சிப்! இரண்டு திறப்புகளின் தலைகளும் வெறுமையாக இருந்தன. எதையும் எங்கும் அவர்கள் பதியவில்லை. நல்ல சிப்பைக் காருக்குள்ளேயே ஒளித்து வைத்துவிட்டதால், பொருந்தும்படி வெட்டிய எந்த இரும்புத் துண்டாலும் எங்கள் காரை யாரும் ஓட்டிச் சென்றிருக்கலாம். அவர் அந்தச் சிப்பை ஒரு திறப்பின் தலைக்குள் திரும்ப வைத்தார். கார் உடனே ஸ்டார்ட் ஆனது. அதற்கு அவர் வாங்கிய கூலி அந்த 38,000 ரூபாவோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

கடைக்குத் தொலைபேசியில் பேசியபோது முதலில், "மாஸ்டர் கொழும்புக்குப் போயிட்டார், வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்கள். வெள்ளிக்கிழமை நேரில் போனால், "உங்கட காரில வயர் பழசு அக்கா, அது எங்கட பிழை இல்ல" என்றார் அதே இளைஞர். டேப் ஒட்டிய சிப்பின் படத்தைக் காட்டியதும் அவருடைய முகம் மாறியது; "நாங்க செய்ததெண்டு எப்படிச் சொல்லுவீங்க, பில் எங்க?" என்று கேட்டார். பணம் செலுத்திய அன்று பில் கேட்டபோது, புத்தகம் முடிந்துவிட்டது, பிறகு தருகிறோம் என்றவர்கள் இவர்களேதான். அப்பாவுக்குக் குஷன் வைத்த அந்தக் கைதான் எனக்கு வெளியே போகும் வழியைக் காட்டியது. இப்போது வட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகளைப் பார்க்கிறார்கள், பதில் இல்லை. 38,000 ரூபா அப்பாவின் மருந்துக்காக வைத்திருந்த காசு.

விரிவாக எழுத இப்போது மனம் இடம் தரவில்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். கூடு மாற்றினால் பழைய கூட்டைக் கையில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். விளக்கு மின்னினால் முதலில் இரண்டாவது திறப்பால் முயன்று பாருங்கள். அது வேலை செய்தால் கோளாறு திறப்பில்தான், காரின் மெமரியில் இல்லை. திறப்பு பதியப்பட்டதாகச் சொன்னால், அதன் தலையை அலுமினியத் தாளால் நன்றாகச் சுற்றி ஸ்டார்ட் செய்து பாருங்கள். தாள் திறப்பிலுள்ள சிப்பை மறைத்துவிடும்; அப்படியும் எஞ்சின் இயங்கினால் சிப் காருக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கலாம், ஸ்டியரிங்கிற்குக் கீழுள்ள மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்திற்கு முறையிடலாம். வங்கிப் பரிமாற்றச் சீட்டையும் அந்தப் படங்களையும் வைத்துக்கொண்டு நானும் முறையிடப் போகிறேன்.