அப்பாவின் படத்தில் அழிந்துபோன விபூதிப் பட்டை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பழைய படங்களைச் சீர்செய்து பெரிதாக்கித் தரும் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு நேர்ந்ததை, காரியத்துக்குப் படம் போடும் அவசரத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். இதே வேலையை இப்படியே செய்யும் கடைகள் வேறு ஊர்களிலும் இருக்கும்.

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு நான்கு நாட்களே இருந்தன. பாடலீஸ்வரர் கோயில் வாசலில் பிலிம் கேமராவில் எடுத்த, சற்றே வெளுத்துப்போன வண்ணப்படம் ஒன்றில்தான் அவர் முகம் நேராகத் தெரியும். நான் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்பவன்தான் என்றாலும், அந்த முகத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் தெம்பு அப்போது இல்லாததால், 2,800 ரூபாயையும் முன்னதாகவே கட்டிவிட்டு வந்தேன். அது என் தவறு.

வந்த படத்தில், நல்ல கறுப்பான மனிதரான அப்பா ஆரஞ்சு நிறத்தில் பளபளத்தார். நெற்றியில் மூன்று கோடுகளாக இருந்த விபூதி நெற்றியோடு கலந்து ஒரே வெள்ளைத் திட்டாகியிருந்தது. "யாருப்பா இது, அண்ணன் மாதிரியே இல்லையே?" என்றார் அத்தை. நேரமில்லாததால் அதற்கே மாலை போட்டோம்.

பிறகு கடைக்குப் போய்க் கேட்டபோது, ஆபரேட்டர் தம்பி ஒளிக்காமல் செய்து காட்டினார். ஃபோட்டோஷாப்பில் படத்தின் நகலை இன்னொரு லேயராக, அதாவது அடுக்காக மேலே வைத்து, அது கீழுள்ள படத்தோடு கலக்கும் முறையை ஸ்கிரீன் மோடுக்கு மாற்றுவது, அதன்மேல் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கர்வ்ஸ் என்ற வசதியில் கோட்டை எஸ் வடிவத்தில் அழுத்தமாக வளைப்பது, எல்லா லேயரையும் ஒன்றாக்கி ஜேபெக்காகச் சேமிப்பது: இவ்வளவும் ஒரே பொத்தானில் ஓடும்படி பதிந்து வைத்திருக்கிறார்கள். "எல்லாருக்கும் இதேதான் சார், பளிச்னு இருந்தாத்தான் கேட்கிறாங்க" என்றார்.

ஸ்கிரீன் மோடு படத்தை வெளுக்கவே செய்யும். ஏற்கெனவே வெளுத்த படத்துக்கு வேண்டியது, நகலை, படத்தைக் கருமையாக்கும் மல்டிப்ளை மோடில் வைத்து அடர்த்தியைக் கொஞ்சமாகக் கூட்டுவது. கர்வ்ஸ் லேயரை நார்மல் மோடிலேயே விட்டு கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் நிறத்தின் அடர்த்தியும் சேர்ந்து ஏறும். தோல் ஆரஞ்சானது அதனால்தான். அதே லேயரை லுமினாசிட்டிக்கு மாற்றியிருந்தால் வெளிச்சம் மட்டும் மாறி, நிறம் பெரும்பாலும் அப்படியே நின்றிருக்கும். அவர்கள் தந்த கோப்பில் நெற்றியைச் சோதித்தேன்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. எட்டு பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்தின் அளவுக்கும் 0 முதல் 255 வரைதான் எண்கள். மூன்றும் உச்சத்தைத் தொட்ட இடத்தில் கோடுமில்லை, தோலுமில்லை, அங்கிருந்து எதையும் மீட்கவும் முடியாது. முதல் ஸ்கேனையாவது கொடுங்கள் என்றால், அதே பெயரில் சேமித்ததில் அதுவும் அழிந்துவிட்டதாம்.

காகிதப் படத்தைக் கையோடு திரும்ப வாங்கியிருந்ததால் பிழைத்தேன். வீட்டில், நிற அளவுகளை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 16 பிட்டில் ஸ்கேன் செய்து, நெற்றியில் மட்டும் கர்வ்ஸ் படாமல் மாஸ்க் போட்டபோது மூன்று கோடுகளும் தெரிந்தன. அரை மணி நேர வேலை. நீங்கள் கொடுப்பதாக இருந்தால், கைவைக்காத ஸ்கேனையும் லேயர்களை ஒன்றாக்காத பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) கோப்பையும் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். பிரின்ட்டுக்கு முன் முகத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த படத்துக்கு 500 ரூபாய் குறைத்துக்கொள்வதாக உரிமையாளர் சொன்னார். அடுத்த படம் யாருடையது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்காமல் படியிறங்கினேன்.