பெல்ட் கத்தியதற்கு 12,050 ரூபாய் அழுத கதை

கார் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துகிறது என்று ஒர்க் ஷாப்பில் விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் மட்டும் வேண்டாம் என்று வக்கீல் நண்பன் கேட்டுக்கொண்டிருக்கிறான். கண்ணாடிக் கதவும் ஏசி போட்ட வரவேற்பறையும் உள்ள இடம், காபிகூடக் கொடுத்தார்கள். அந்தக் காபியைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை.

என்னுடையது 9 வருடப் பழைய பெட்ரோல் வண்டி, 70,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஐப்பசி மழை பிடித்ததும், காலையில் சாவியைத் திருப்பினால் அரை நிமிடம் கத்தல். அப்புறம் அடங்கிவிடும். ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் சேர்த்துப் போட்டால் மறுபடி ஆரம்பிக்கும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு ஒடுக்கமானது. எதிர் வீட்டு மாமி, "உன் வண்டி கத்தினப்புறம்தான் எனக்குப் பொழுதே விடியறது" என்றார். வெட்கமாகிவிட்டது. மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று பானெட்டைத் திறந்து, கத்தும்போதே போனில் வீடியோ எடுத்து வைத்தேன். பின்னால் அதுதான் கைகொடுத்தது.

ஒர்க் ஷாப் சூப்பர்வைசர் பானெட்டைத் திறந்தார், ஒரு தடவை ரேஸ் கொடுத்தார், அவ்வளவுதான். "டைனமோ பேரிங் போச்சு சார். ஜாம் ஆனா பெல்ட் அறுந்து நடுரோட்டுல நிப்பீங்க" என்றார். (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்தான், நம்ம ஊரில் இன்னும் டைனமோ.) எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சாயங்காலம் ஒரு தாளை நீட்டினார்கள்: ரீகண்டிஷன் டைனமோ 8,500, பெல்ட் இரண்டு 1,300, லேபர் 1,800, 'பெல்ட் சிஸ்டம் கிளீனிங்' 450. பழைய சாமான் எங்கே என்று கேட்டதற்கு, "ஸ்கிராப்காரன் இப்பத்தான் எடுத்துட்டுப் போனான் சார்" என்றார்கள். பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

நாலு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் மழையில் நனைந்து வந்ததும் முன்பைவிடப் பெரிய கத்தல். திரும்பக் கொண்டுபோனால், "அப்ப டைமிங் பெல்ட்டா இருக்கும் சார், கிட் 9,000 ஆகும்" என்றார் அதே மனிதர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். (இன்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்குகிற வேறொரு பெல்ட் அது.) யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி, மாமனார் சொன்ன பாலக்கரைப் பக்கத்துப் பட்டறைக்குப் போனேன். தகரக் கூரை, மெக்கானிக் பாய் ஒருவர், ஒரு பையன்.

பாய் சிரித்தேவிட்டார். "இந்த இன்ஜின்ல டைமிங் பெல்ட்டே கிடையாது தம்பி, உள்ள செயின் ஓடுது."

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், இது யாருக்கும் உதவும். மூடியில் ஓட்டை போட்ட ஒரு தண்ணீர் பாட்டில். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கையை எட்டவே வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் பீய்ச்சினார். கத்தல் இரண்டு மடங்கானது. "தண்ணி பட்டு சத்தம் ஏறுச்சுன்னா பெல்ட் லூசு. சட்டுனு அடங்கி, கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தா, பெல்ட் ஓடற சக்கரம், அதான் புல்லி, ஒண்ணு நேரா இல்லை. தண்ணிக்கு அசையவே இல்லைன்னாத்தான் பேரிங்கைச் சந்தேகப்படணும்."

அப்புறம் இன்ஜினை அணைத்து அந்த பெல்ட்டைக் கழற்றினார். டைனமோ புல்லியை விரலால் சுற்றிவிட்டார். என்னையும் சுற்றச் சொன்னார். கரகரப்பு இல்லை, ஆட்டம் இல்லை, வெண்ணெய் மாதிரி ஓடியது. பெல்ட் இல்லாமலே பத்து விநாடி ஸ்டார்ட் செய்து காட்டினார், நிசப்தம். (இதை நீட்டக் கூடாது. என் வண்டியில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, ஓடிக்கொண்டே இருந்தால் இன்ஜின் சூடேறிவிடும்.)

காலையிலும் மழையிலும் மட்டும் கத்துவதற்குக் காரணமும் சொன்னார். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழந்த சார்ஜைத் திருப்பி ஏற்ற டைனமோவுக்கு அப்போதுதான் சுமை அதிகம். தளர்ந்த பெல்ட், அதிலும் ஈரமான பெல்ட், அந்தச் சுமையை இழுக்க முடியாமல் புல்லிமேல் வழுக்குகிறது. வழுக்குவதுதான் சத்தம்.

சரி, புது பெல்ட் எப்படித் தளரும்? பாய் பெல்ட்டின் முதுகைத் துடைத்து என்னிடம் நீட்டினார். 4பிகே900 என்று அச்சடித்திருந்தது. 4 என்பது வரிகளின் எண்ணிக்கை, பிகே வரியின் அளவு வகை, 900 நீளம், மில்லிமீட்டரில். என் வண்டிக்கு வேண்டியது 875. கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். டைனமோவை நகர்த்தி பெல்ட்டை இறுக்கும் அந்த நீள ஓட்டையில் போல்ட் கடைசி வரை போய் முட்டி நின்றது. இனி இறுக்க இடமே இல்லை.

பெல்ட்டின் வரிகளைத் தொட்டால் விரல் பிசுபிசுவென்று ஒட்டியது, அதில் மண் வேறு. பெல்ட் டிரஸ்ஸிங் ஸ்ப்ரே. அடித்தால் சில நாள் பிடிப்பு வந்து சத்தம் அமுங்கும், பிறகு தூசியை இழுத்துக்கொண்டு முன்பைவிட மோசமாகும். 450 ரூபாய் 'கிளீனிங்' இதுதான்.

இரண்டாவது பெல்ட்? ஏசிக்குப் போகும் அதே பழைய பெல்ட், குறுக்கே கீறல் கீறலாக வெடித்தபடி, மாற்றப்படாமல் அங்கேயே இருந்தது.

டைனமோ பளபளவென்று வெள்ளிப் பெயின்ட்டில் மின்னியது. பக்கத்து ஒயர்மேல்கூட அந்தப் பெயின்ட் தூறியிருந்தது. பின் மூடியின் கீழ் மூலை உடைந்திருந்தது. எனக்கு எங்கோ உறுத்த, பழைய வீடியோவை எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதே மூலை, அதே உடைப்பு, கறுத்துப்போன அதே டைனமோ. 8,500 ரூபாய்க்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

பாய் இரண்டு பெல்ட்டையும் சரியான நம்பரில் மாற்றினார். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்குமாறு வைத்தார். முறுக்கிக் கட்டினால் டைனமோ பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் நிஜமாகவே போய்விடுமாம். பெல்ட் 860, கூலி 300. புது பெல்ட் கொஞ்சம் இளகும், 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா என்றார். போனேன், பத்து நிமிடத்தில் இறுக்கிவிட்டார், காசு வாங்கவில்லை.

வீடியோவோடு அந்த ஒர்க் ஷாப்புக்குப் போனேன். மேனேஜர் பார்த்தார். "ரீகண்டிஷன்னா அப்படித்தான் சார், பாடி உங்களோடது, உள்ள எல்லாம் புதுசு" என்றார். உள்ளே மாற்றிய சாமானின் பில் எங்கே என்றால் பதில் இல்லை. ஒரு பெல்ட் காசு 650-ஐ மட்டும் திருப்பித் தரலாம் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் அந்தத் தாளை வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, தலைப்பில் 'எஸ்டிமேட்' என்று இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இல்லை. பணம் வாங்கியதற்கு என் போனில் உள்ள பரிமாற்றம்தான் சாட்சி. நீங்களாவது பணம் கட்டும் முன் தாளின் தலைப்பைப் படியுங்கள், கழற்றிய சாமான் டிக்கிக்குள் வந்ததா என்று பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும் என்கிறான் நண்பன்.

900 பெல்ட்டும் வெடித்த ஏசி பெல்ட்டும் ஒரு மஞ்சள் பையில், டிக்கியில் பத்திரமாக இருக்கின்றன. மாமிதான் இப்போது அலாரம் வைத்துக்கொண்டிருக்கிறார்.