131 450: பெருந்தொற்றுக் காலத்தில் இந்த உரைபெயர்ப்புச் சேவை எவ்வளவு கைகொடுத்தது?

ஆஸ்திரேலியாவுக்கு ஒரு குடும்பம் புதிதாக வந்து இறங்கியதும் மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை, வங்கிக் கணக்கு, பேருந்து ரயிலுக்கான மைகி அல்லது ஓப்பல் அட்டை என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. 131 450 என்ற எண்ணைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. உள்துறை அமைச்சகம் நடத்தும் டிஐஎஸ் நேஷனல் என்ற தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையின் எண் அது. 1973-இல் சிட்னியிலும் மெல்பேர்னிலும் தொடங்கியது. இன்று 150-க்கும் மேற்பட்ட மொழிகளில், நாளின் 24 மணி நேரமும், ஆண்டின் எல்லா நாளும் இயங்குகிறது. தமிழும் அதில் உண்டு. 2021 குடிமதிப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர். அவர்களில் ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இது உயிர்காக்கும் சேவை என்றே சொல்வேன். குறைகளும் உண்டு. அவை பெருந்தொற்றில்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

முதலில் பயன்படுத்தும் முறை. 131 450-ஐ அழைத்தால் ஓர் ஆபரேட்டர் ஆங்கிலத்தில் எந்த மொழி என்று கேட்பார். 'தமிழ்' என்ற ஒரு சொல் போதும். காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்நேரம் ஓய்வாக இருக்கும் உரைபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அவர் வந்ததும், எந்த அலுவலகத்தோடு பேச வேண்டும், அதன் எண் என்ன என்று சொல்ல வேண்டும். அங்கே அழைத்து மூவரையும் ஒரே இணைப்பில் சேர்ப்பார்கள். ஆகவே அழைக்கும் முன்பே மெடிகேர் எண், மருத்துவமனைப் பதிவு எண், வந்த கடிதம் அல்லது குறுஞ்செய்தி, ஒரு பேனா, தாள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புக் கிடைத்த பிறகு தேட ஆரம்பித்தால் எதிர்முனையில் இருப்பவர் பொறுமை இழந்துவிடுவார். உரைபெயர்ப்பாளர் தன் அடையாள எண்ணைச் சொல்வார்; அதையும் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பாராட்டவோ புகார் சொல்லவோ அதுதான் ஆதாரம்.

செலவு பற்றிப் பலருக்கும் பயம். அழைப்புக்கு உள்ளூர்க் கட்டணம் உண்டு. கைபேசியில் உங்கள் திட்டத்தைப் பொறுத்துக் கூடலாம். உரைபெயர்ப்புக்கான கட்டணத்தை அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் தாங்களே ஏற்கின்றன. மெடிகேர் அட்டை உள்ளவருக்கு மெடிகேர் சலுகை உள்ள சிகிச்சை தரும் ஜிபி எனப்படும் தனியார் பொது மருத்துவர்களுக்கும் அங்கீகாரம் பெற்ற நிபுணர்களுக்கும் இது இலவசம். அவர்களுக்கென்றே 1300 131 450 என்று தனி முன்னுரிமை இணைப்பு இருக்கிறது. கிளினிக் ஒருமுறை பதிவுசெய்து வாடிக்கையாளர் எண் வாங்கினால் போதும். ரிசப்ஷனில் இருப்பவர்களும் அதே எண்ணில் அழைத்து நேரம் குறிக்கலாம், பரிசோதனை முடிவைச் சொல்லலாம். இத்தனை வசதி இருந்தும், எத்தனையோ கிளினிக்குகளில் 'மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்' என்பதே வழக்கமாக இருக்கிறது. என் பார்வையில் சேவையின் மிகப் பெரிய குறை அதன் தரத்தில் இல்லை. அதை அழைக்க வேண்டியவர்கள் அழைப்பதில்லை என்பதுதான் குறை.

கோவிட் வந்தபோது இந்தக் குறை பூதாகரமாகத் தெரிந்தது. மருத்துவமனைகள் பார்வையாளர்களைத் தடுத்தன. அதுவரை உடன் போய் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மகனும் மருமகளும் வாசலோடு நின்றுவிட்டார்கள். உள்ளே தனிமை வார்டில் எழுபது வயது அம்மா, முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்த தாதி, நடுவில் ஒரு தொலைபேசி. அரசு மருத்துவமனைகள் பெரும்பாலும் தங்கள் மாநிலத்தின் சுகாதார உரைபெயர்ப்புச் சேவைகளை நாடுகின்றன. நோயாளிக்கு அதுவும் இலவசம். ஆனால் யார் வழங்கினாலும் தொலைபேசி வழியே வரும்போது சிக்கல் ஒன்றுதான்: சத்தம். அதிவேக ஆக்சிஜன் குழாயின் இரைச்சலில் ஸ்பீக்கர்போன் எதையும் எடுக்காது. பாதுகாப்புப் பைக்குள் போட்ட கைபேசியில் குரல் மங்கும். இந்த நிலையில் செய்ய வேண்டியவை எளிமையானவை. கருவியை நோயாளியின் காதருகே வைக்கச் சொல்லுங்கள். காணொளி இணைப்பு உண்டா என்று கேளுங்கள். மூச்சுவாங்கும் நோயாளியிடம் நீண்ட விளக்கம் கேட்காமல், ஆம் இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லும் கேள்விகளைக் கேட்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2020 மார்ச்சில் தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனைக்கு மெடிகேர் விரிவாக இடம் கொடுத்தது. நல்ல முடிவு. ஆனால் மூன்று பேர் மூன்று இடத்தில் இருக்கும் அழைப்பில் இணைக்கும் வரிசை முக்கியம். கிளினிக் முதலில் டிஐஎஸ்ஸை அழைத்து, உரைபெயர்ப்பாளர் வந்த பிறகு நோயாளியின் எண்ணுக்கு அழைக்கச் சொல்ல வேண்டும். நோயாளியை முதலில் பிடித்து 'கொஞ்சம் இருங்கள்' என்று ஆங்கிலத்தில் சொல்லிக் காத்திருக்க வைத்தால், அந்த அம்மா வைத்துவிடுவார். இன்னொன்று, அழைப்பு தெரியாத எண்ணிலிருந்தோ எண் மறைக்கப்பட்டோ வரலாம். தொற்றுத் தொடர்பைத் தேடிய சுகாதாரத் துறை அழைப்புகளும் பல இப்படித்தான் வந்தன. மோசடி என்று நினைத்து எடுக்காமல் விட்டவர்கள் ஏராளம். வீட்டுப் பெரியவர்களிடம் எந்த நாள், எந்த நேரத்தில் அழைப்பு வரும் என்பதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

பேசும் முறையிலும் கவனம் வேண்டும். மருத்துவரைப் பார்த்துப் பேசுங்கள். 'டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்' என்று உரைபெயர்ப்பாளரிடம் ஆரம்பித்தால் அவர் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு வாக்கியம் பேசி நிறுத்துங்கள். எண்கள்தான் அதிகம் பிசகும். மாத்திரை எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு ஒருமுறை, தனிமைப்படுத்தல் எந்தத் தேதி முடிகிறது என்பதை நோயாளி திருப்பிச் சொல்லி மருத்துவர் சரி என்று சொல்லும்வரை விடாதீர்கள். ஒவ்வொரு பேச்சும் இருமுறை நடப்பதால் வழக்கமான நேரம் போதாது. நேரம் குறிக்கும்போதே நீண்ட சந்திப்பும் 'தமிழ் இன்டர்பிரெட்டர்'உம் வேண்டும் என்று கேளுங்கள். பெண் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் அப்போதே சொல்ல வேண்டும். கிடைக்கும் என்ற உறுதி இல்லை, கேட்கும் உரிமை உண்டு.

தரம் எப்படி? நாட்டி என்னும் தேசிய அமைப்பின் சான்றிதழ் பெற்றவர்களுக்குத்தான் டிஐஎஸ் முன்னுரிமை தருகிறது. இரகசியம் காக்க வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது, பக்கம் சாயக் கூடாது என்பது அவர்களுடைய தொழில் நெறி. சின்ன சமூகம், பேசுபவர் நமக்குத் தெரிந்தவராக இருப்பாரோ என்ற அச்சம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. கோவிட் காலத்தில் 'யார் வீட்டில் வந்தது' என்ற பேச்சுக்குப் பயந்து வாய் திறக்காதவர்களும் உண்டு. பெயரைச் சொல்லாமல் நாடு முழுவதிலிருந்தும் ஒருவரை இணைப்பது தொலைபேசிச் சேவையின் தனிச் சிறப்பு. நேரில் வருபவரைவிட இதையே பரிந்துரைக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பேச்சும் திருநெல்வேலிப் பேச்சும் ஒருவருக்கொருவர் புரியாமல் போனால் தயங்காமல் நிறுத்தி, வேறொருவரைக் கேளுங்கள். இவர்கள் ஒப்பந்த முறையில், பெரும்பாலும் தங்கள் இடத்திலிருந்தே வேலை செய்பவர்கள். ஆகவே சில நேரம் ஆள் கிடைக்காது, பின்னணியில் சத்தம் கேட்கும். மறுபடி அழைப்பதே வழி.

பிள்ளைகளை வைத்துச் சமாளிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமியால் தன் தாயின் நெஞ்சுவலியையோ மாதவிடாய்ச் சிக்கலையோ மருத்துவரிடம் முழுதாகச் சொல்ல முடியாது. பயத்தில் பாதியை விழுங்கிவிடுவாள்.

இந்தச் சேவை எட்டாத இடங்களைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. ஒன்று, மெடிகேர் இல்லாதவர்கள். கோவிட் தடுப்பூசி விசா பார்க்காமல் எல்லோருக்கும் இலவசமாகப் போடப்பட்டது; தனியார் மருத்துவரிடம் இலவச உரைபெயர்ப்போ மெடிகேரோடு கட்டப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களின் பெற்றோரும், அடுத்த விசா முடிவுக்காகக் காத்திருக்கும் சில இணைப்பு (பிரிட்ஜிங்) விசாக்காரர்களும் வெளியே நிற்கிறார்கள். தொற்று அட்டையைப் பார்த்து வருவதில்லை. இந்த விதியை மாற்ற வேண்டும். இரண்டு, எழுத்தில் வரும் தகவல். 2020 ஆகஸ்டில் முகக்கவசம் பற்றிய ஓர் அரசுத் துண்டறிக்கையில் பாரசீகமும் அரபியும் கலந்து கிடந்தது செய்தியானது. 2021-இல் மேற்கு சிட்னியின் பிளாக்டவுன், கம்பர்லண்ட், பரமட்டா பகுதிகளில் ஊரடங்கு விதிகள் அடிக்கடி மாறின. யாராவது அழைத்துக் கேட்டால் மட்டுமே பதில் தரும் ஒரு தொலைபேசி எண் அங்கே போதாது. எஸ்பிஎஸ் தமிழ் வானொலியும் வாட்ஸ்அப்பில் பேசிய தமிழ் மருத்துவர்களும்தான் அந்த இடைவெளியை நிரப்பினார்கள். மூன்று, அதிகாரிகளின் அவசரம். 2020 ஜூலை 4 அன்று மெல்பேர்னில் ஃபிளெமிங்டன், நார்த் மெல்பேர்ன் பகுதிகளின் ஒன்பது அடுக்குமாடிகளில் சுமார் 3000 பேர் முன்னறிவிப்பின்றி அடைக்கப்பட்டார்கள். 131 450 அன்றும் இயங்கியது; ஆனால் வாசலில் நின்ற காவலர்கள் பேசியது பலருக்கும் புரியவில்லை. அந்த உடனடி அடைப்பு மனித உரிமைகளை மீறியது என்று அரசு மீதான புகார்களை விசாரிக்கும் விக்டோரிய ஆம்புட்ஸ்மன் அதே ஆண்டு டிசம்பரில் அறிக்கை வெளியிட்டார். வெளிநாட்டில் பிறந்தவர்களின் கோவிட் இறப்பு வீதம், வயதைச் சமன்செய்து பார்த்தபோதும், இங்கே பிறந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2022 தொடக்கம் வரையிலான புள்ளியியல் துறைக் கணக்கு காட்டியது. மொழி மட்டுமே காரணமில்லை. வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைகளும் நெருக்கமான வீடுகளும் சேர்ந்தன. ஆனால் இவற்றில் உடனே சரிசெய்யக் கூடியது மொழிதான்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி என்றால் 131 450-ஐ அழைக்காதீர்கள். 000-ஐ அழைத்து, முதலில் 'ஆம்புலன்ஸ்' என்றும் இணைப்பு கிடைத்ததும் 'தமிழ்' என்றும் சொல்லுங்கள். உரைபெயர்ப்பாளரை அவர்களே ஏற்பாடு செய்வார்கள். அதுவரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அறை எண்ணோடு வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் இன்றே ஒட்டிவிடுங்கள்.