28 டொலர் சென்சாரும் நடுவில் வேகாத லவ் கேக்கும்

இலங்கையில் நத்தாருக்கு ரவையும் கஜுவும் போட்டுச் செய்யும் லவ் கேக் நடுவில் வேகாமல் நின்றால் யாரும் முதலில் தங்கள் கைப்பக்குவத்தைத்தான் சந்தேகிப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ரவையை வறுத்தது போதவில்லையோ, பூசணி இனிப்பில் பாகு கூடிவிட்டதோ, தேனைக் குறைக்க வேண்டுமோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் மூன்று கேக் வீணாகிப் போயின. கஜு விற்கிற விலையில் மூன்று கேக்கைக் கொட்டுவது சின்ன விஷயமில்லை. கனடாவில், ஸ்காபரோவில் இருபது வருடமாக நத்தாருக்கு ஓர்டர் எடுத்துக் கேக் அடிக்கிறேன். லவ் கேக்கை 300 பாகை ஃபாரன்ஹீட்டில், தட்டுக்கு நாலைந்து மடிப்புத் தாள் போட்டு, அவசரப்படாமல் வேகவிட வேண்டும். அந்த 300 உண்மையான 300 ஆக இல்லாவிட்டால் எந்தக் கைப்பக்குவமும் உதவாது.

கடைசியில் 12 டொலருக்கு ஓர் ஓவன் வெப்பமானி வாங்கி நடுத் தட்டில் தொங்கவிட்டேன். அடுப்பின் திரை 300 என்று காட்டியது. வெப்பமானி 255க்கும் 260க்கும் இடையில் நின்றது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் அதே நிலைதான். எங்களுடையது மேலே கண்ணாடி போட்ட மின்சார அடுப்பு, ஒன்பது வயது. அதன் அமைப்புகளில் வெப்பத்தை 35 பாகை வரை கூட்டவோ குறைக்கவோ முடியும். முழு 35ஐயும் கூட்டிவிட்டேன். ஒரு வாரம் கேக் ஒழுங்காக வெந்தது. பிறகு ஒரு மாலை, தட்டு உள்ளே இருக்கும்போதே அடுப்பு விடாமல் கத்தத் தொடங்கியது. திரையில் எஃப் 3 என்ற பழுதுக் குறி. சூடு நின்றுவிட்டது.

பழுதுபார்க்க வந்தவர் 95 டொலர் வாங்கினார். திரையைப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், "போர்டு போய்விட்டது" என்றார். அடுப்பை இயக்கும் மின்சுற்றுப் பலகையைத்தான் போர்டு என்கிறார்கள். அதை மாற்றக் கூலியோடு 430 டொலராம். அவருடைய பெட்டியில் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதை அவர் கையில் எடுக்கவேயில்லை. என் கோபம் விலையைப் பற்றியதல்ல. அளக்காமல் ஒரு முடிவைச் சொல்லி, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டு போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணர் ஊரில் மின்சார வேலை பார்த்தவர். விஷயத்தைக் கேட்டதும் தன் மல்டிமீட்டரைக் கொண்டு வந்து தந்தார். "தங்கச்சி, முதலில் அளந்து பாருங்கள். காசு கொடுப்பதைப் பிறகு யோசிக்கலாம்" என்றார்.

ஓவனின் பின்சுவரில், மேல்பக்கமாக, பென்சிலைவிட மெல்லிய ஓர் உலோகக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஓவனின் வெப்பத்தை உணரும் சென்சார். எங்கள் அடுப்பில் இருப்பது பிளாட்டினம் வகை. 0 பாகை செல்சியஸில் 1,000 ஓம் மின்தடை காட்டும். சூடு ஏற ஏறத் தடையும் ஏறும், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 4 ஓம். போர்டு அந்தத் தடையைத்தான் வெப்பமாகக் கணக்கிடுகிறது. வயர் எங்காவது பழுதாகித் தடை வீணாகக் கூடினால், ஓவன் உண்மையில் இருப்பதைவிடச் சூடாக இருப்பதாகப் போர்டு நினைத்து, சூடாக்குவதை முன்கூட்டியே நிறுத்திவிடும். கேக் பச்சையாக நிற்கும். தொடர்பு முற்றாக அறுந்தால் எங்கள் அடுப்பில் எஃப் 3 வரும். இந்த எழுத்தும் எண்ணும் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். உங்கள் அடுப்பின் கையேட்டைப் பாருங்கள்.

நிலவறைக்குப் போய் அடுப்பின் இரட்டைப் பிரேக்கரை அணைத்தேன். இது 240 வோல்ட் சமாச்சாரம். அடுப்பின் பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு சென்சாரைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளைக் கழற்றி மெல்ல வெளியே இழுத்தேன். வயரும் அதன் செருகியும் ஓட்டை வழியாக வந்தன. மகள் டோர்ச் பிடித்துக்கொண்டு எண்ணை வாசித்தாள்: "ஆயிரத்து நூற்று எழுபது, அம்மா." சமையலறையில் 21 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் 1,080 ஓம் அளவில் இருக்க வேண்டும். மிச்சம் 90 ஓம். ஃபாரன்ஹீட்டில் கணக்குப் போட்டால் நாற்பது பாகைக்குச் சற்று மேல். வெப்பமானி காட்டிய குறை அப்படியே வந்து நின்றது! வயரைக் குழாயின் அடியில் கொஞ்சம் வளைத்தேன். எண் மறைந்து, தொடர்பே இல்லை என்று காட்டியது. நிமிர்த்தினால் திரும்பவும் 1,170. போர்டில் ஒரு குற்றமும் இல்லை.

இனி வாங்கிய சாமான்களைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் இணையத்தில் 17 டொலருக்கு "எல்லா அடுப்புக்கும் பொருந்தும்" என்ற சென்சாரை வாங்கினேன். நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஐஸ் தண்ணீரில் குழாயின் நுனியை அமிழ்த்தி அளந்தபோது 1,002 ஓம் காட்டியது, அளவில் பிழையில்லை. ஆனால் குழாய் பழையதைவிட ஒன்றரை அங்குலம் கட்டை. செருகியே கிடையாது. அடுப்பின் வயரை வெட்டி, கூட வருகிற பீங்கான் மூடிகளால் முறுக்கி இணைக்க வேண்டுமாம். அந்த இடத்துச் சூட்டில் சாதாரணப் பிளாஸ்டிக் மூடி உருகிவிடும், ஆகவே பீங்கான் தந்தது சரிதான். ஆனாலும் நல்ல செருகி இருக்கும் வயரை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

இரண்டாவதை உதிரிப்பாகக் கடையில் நேரில் போய் வாங்கினேன், 28 டொலர். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி மொடல் எண். கீழ் இழுப்பறையைத் திறந்தால் சட்டத்தில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பழைய சென்சாரையும் காட்டினேன். அவர் புதியதின் உறையைப் பிரித்து, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செருகியின் வடிவத்தையும் திருகாணி ஓட்டைகளையும் சரிபார்த்த பிறகுதான் பணம் வாங்கினார். வந்து பார்த்த பழுதுகாரரிடம் நான் எதிர்பார்த்த அக்கறையை இவரிடம் கண்டேன்.

மாட்டுவது பத்து நிமிட வேலை என்றார்கள். எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது, காரணத்தைச் சொல்கிறேன். பழைய சென்சாரின் செருகியை முன்பு பிரித்தபோதே அடுப்புப் பக்கத்து வயர் ஓட்டைக்குள் வழுகி, கண்ணாடி நார்ப் பஞ்சுக்குப் பின்னால் போயிருந்தது. அதை எடுக்க அடுப்பை முன்னால் இழுத்து, பின்தகட்டைக் கழற்ற வேண்டி வந்தது. பிரிப்பதற்கு முன்பே அந்த வயரில் உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டிவிடுங்கள், உள்ளே போகாது. பஞ்சில் கை பட்டால் இரண்டு நாள் அரிக்கும், கையுறை போடுங்கள். அடுப்பைத் திரும்பத் தள்ளும்போது அது முன்னால் சாயாமலிருக்கத் தரையில் அடித்திருக்கும் இரும்புப் பிடிக்குள் பின்கால் சரியாகப் போகிறதா என்று பாருங்கள். கதவைத் திறந்து கனமான தட்டை வைக்கும்போது அந்தப் பிடிதான் அடுப்பைத் தாங்குகிறது.

பின்தகடு திறந்திருந்ததால் ஒரு நன்மையும் கிடைத்தது. புதிய சென்சாரை இணைத்துவிட்டு, போர்டுக்குப் போகும் முனையைக் கழற்றி அங்கேயும் அளந்தேன். சென்சாரில் 1,081, போர்டு முனையில் 1,082. இடையில் ஓடும் வயர் நன்றாக இருக்கிறது என்று மனம் ஆறியது.

பிரேக்கரைப் போட்டு 300இல் வைத்தேன். வெப்பமானி 335 காட்டியது. நெஞ்சு திடுக்கிட்டது. பிறகுதான் நினைவு வந்தது, முன்பு கூட்டிய 35 அப்படியே கிடக்கிறது. அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்ததும் முள் 295க்கும் 305க்கும் இடையில் ஏறி இறங்கி நின்றது. ஓவன் எப்போதும் அப்படி ஏறி இறங்கித்தான் வேலை செய்யும். "பீப்" சத்தம் கேட்டவுடன் பார்க்காமல் அரை மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும்.

தானாகச் சுத்தம் செய்யும் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓவனை 900 பாகை ஃபாரன்ஹீட் அளவுக்குச் சூடாக்கி அழுக்கைச் சாம்பலாக்குவது அது. ஓர்டர்கள் தொடங்குவதற்கு முன் அதை ஓடவிட்டிருந்தேன், அதற்குப் பிறகுதான் கேக் சதி செய்யத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக என்னால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் நத்தாருக்கு முந்திய மாதத்தில் இனி அந்தப் பொத்தானைத் தொடமாட்டேன்; சோடாவும் வினாகிரியும் போதும்.

28 டொலர் சென்சாருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. உறைக்குள் ஒரு விளக்கத் தாள்கூட இல்லை, அந்த அரை அதற்காகப் போனது. அதனால் நானே ஒரு தாளில் "21 பாகையில் 1,081 ஓம், கூட்டல் 0" என்று எழுதி, திகதியும் போட்டு, இழுப்பறைக்குள் மொடல் தகட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.